நூலும் உடைமையும்: புகழ்பெற்ற ஆசிரியர் சிலரைப் பற்றிய வியத்தகு செய்திகள் குறித்து

புகழ்பெற்ற எழுத்தாளரைப் பற்றிய வியப்பூட்டும் செய்திகளைத் திரட்டித் தரும் வழக்கம் நமது சஞ்சிகைகளிலும் பாடநூல் முன்னுரைகளிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒருவர் நின்றுகொண்டே எழுதினார். இன்னொருவர் இரவு முழுவதும் கோப்பி குடித்து விழித்திருந்தார். மற்றொருவர் ஒரு நாவலை 26 நாளில் முடித்துவிட்டார் என்றவாறு அமைவன இவை. படிப்போருக்குச் சுவை பயப்பனவாகலின், இவற்றை முற்றாக ஒதுக்கிவிட நாம் முற்படவில்லை. ஆயின் இவை எடுத்துரைக்கப்படும் முறையிலே ஓர் இலக்கியக் கொள்கை மறைந்து நிற்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். எழுத்தாளன் சாமானிய மனிதரினின்றும் வேறானவன், அவனது வாழ்விலே நிகழ்வன யாவும் அவனது மேதைமையின் விசித்திரங்கள் என்பதே அக்கொள்கை. உண்மையில் இச்செய்திகளுட் பலவற்றை ஊன்றி நோக்கினால், விசித்திரம் ஆசிரியனிடத்து இருப்பதாகத் தோன்றவில்லை. நூல் எவ்வாறு அச்சேறியது, எவருக்கு உடைமையாயிற்று, எழுதியவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்னும் வினாக்களிலேதான் அது இருக்கின்றது. நன்கு சான்றுபட்ட சில நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்க முயல்வோம்.

தமிழிற் 'சுவர்க்க நீக்கம்' எனப் பெயர்பெற்ற 'பரடைஸ் லொஸ்ட்' என்னும் காவியத்தை ஜோன் மில்டன் 5 பவுணுக்கு விற்றார் என்பது ஆங்கில இலக்கியம் கற்போர் யாவரும் கேட்டறிந்த செய்தி. நன்றி கெட்ட உலகம் ஒரு மகாகவியை நடத்திய விதத்துக்கு உதாரணமாகவே இது கூறப்படுவதுண்டு. 1667 ஏப்ரலில் சாமுவேல் சிமன்ஸ் என்னும் அச்சகத்தாருடன் மில்டன் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. அதன்படி உடனடியாக 5 பவுண். முதற் பதிப்பில் 1300 பிரதிகள் விற்றபின் மேலும் 5 பவுண். அடுத்த பதிப்புகளுக்கும் அவ்வாறே. இரண்டாவது 5 பவுணை அவர் 1669இல் பெற்றுக்கொண்டார். அவர் இறந்தபின், 1680இல், மனைவி எலிசபெத் எஞ்சிய உரிமைகள் அனைத்தையும் 8 பவுணுக்கு விட்டுக்கொடுத்தார். ஆக மொத்தம் 18 பவுண்.

ஆனால் அக்காலத்து இங்கிலாந்திலே ஆசிரியனுக்குப் பதிப்புரிமை என்று ஒன்று சட்டத்தில் இருக்கவில்லை என்பதை நமது தொகுப்பாளர்கள் சொல்வதில்லை. உரிமை அச்சிடுவோரின் தொழிற்சங்கத்தாருக்கே இருந்தது. ஆசிரியனை உரிமையாளனாக ஏற்ற சட்டம் 1710இலேதான் நடைமுறைக்கு வந்தது. அந்நிலையில், விற்பனையோடு இணைத்து மேலும் பணம் கேட்டுப் பத்திரம் எழுதுவித்தவர் மில்டன். அவரை உலகியல் அறியாத கவியாகக் காட்டுவோர் அப்பத்திரத்தை ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று. காவியத்தினால் உண்மையிற் செல்வம் ஈட்டியவர் யாக்கோப் ரொன்சன் என்னும் வெளியீட்டாளர். 1683இல் உரிமையின் ஒரு பாதியையும், 1690இல் மறு பாதியையும் அவர் வாங்கினார். புகழ்பெற்ற ஓவியரான நெல்லர் வரைந்த ரொன்சனின் உருவப்படத்திலே அவர் கையிற் பிடித்திருப்பது மில்டனின் அந்நூலேயாகும். கவிஞரின் கையிலிருந்த நூல் வணிகரின் கைக்கு மாறிய வரலாற்றை இவ்வளவு வெளிப்படையாக வேறெந்த ஓவியமும் காட்டியதாக நாம் அறியோம்.

கார்ல் மார்க்ஸ் உபரி மதிப்புப் பற்றி எழுதிய கையெழுத்துப்படிகளிலே இதே மில்டனை எடுத்துக்கொண்டமை தற்செயலானதன்று. பட்டுப்பூச்சி பட்டு நூற்பது போலத் தன்னியல்பின் தொழிற்பாடாகவே மில்டன் காவியம் செய்தார், அதன் பின்னரே அதை விற்றார் என்பது அவர் காட்டும் வேறுபாடு. இதற்கு மாறாக, வெளியீட்டாளரின் கட்டளைக்கிணங்க நூல்களை ஆக்கித்தரும் லைப்சிக் நகரத்து எழுத்துத் தொழிலாளியின் உழைப்போ, தொடக்கம் முதலே மூலதனத்தின் கீழ் அடங்கியது. மில்டனுக்கும் இத்தொழிலாளிக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் நவீன நாவல் பிறந்தது என்பது நமக்கு முக்கியமானது.

அந்த இடைக்காலத்தில் ஜேன் ஒஸ்ரினின் அனுபவம் ஒன்றைக் குறிப்பிட்டுச் செல்லலாம். 'சூசன்' என்ற தலைப்பிலமைந்த நாவலொன்றை 1803இல் இலண்டன் வெளியீட்டாளர் ஒருவர் 10 பவுணுக்கு வாங்கினார், வாங்கியவர் அச்சிடவேயில்லை. 1809இல் ஒஸ்ரின் கடிதமெழுதிக் கேட்டபோது, அதே 10 பவுணைத் தந்தால் திருப்பித் தருவதாகப் பதில் வந்தது. அத்தொகையைக் கொடுத்து மீட்பதற்கு 1816 வரை சென்றது. அதற்கிடையில் அவரது நாவல்கள் நான்கு, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்து நன்மதிப்புப் பெற்றிருந்தன. முதல் நாவலின் முகப்பில் 'ஒரு பெண்மணி' என்று மாத்திரமே இருந்தது. மீட்ட நாவல் 1817 டிசம்பரில், அவர் மறைந்து ஐந்து மாதங்களின் பின், 'நோதாங்கர் அபே' என வெளியாயிற்று. தாம் திருப்பிக் கொடுத்தது எவருடைய நூல் என்பது அந்த வெளியீட்டாளருக்குத் தெரிந்திருக்கவில்லை என்று ஒஸ்ரின் குடும்பத்தார் எழுதிய வரலாறு கூறும்.

சார்ள்ஸ் டிக்கன்ஸின் வரலாறு இன்னும் விரிவானது. 'பிக்விக் பேப்பர்ஸ்' என்னும் நூல், அதன் ஆசிரியரின் சிந்தையில் உதித்துப் பிறந்ததன்று. ரொபேட் சீமூர் என்னும் ஓவியர் வேட்டை, விளையாட்டு ஆகியவற்றைப் பற்றி வரையவிருந்த நகைச்சுவைப் படங்களுக்கு ஏற்ற வாசகம் எழுதித்தர, 24 வயதுப் பத்திரிகை நிருபர் ஒருவரை வெளியீட்டாளர் அமர்த்தினர். படமே முதன்மை, எழுத்து அதற்குத் துணை. முதற் பகுதி 1836 மார்ச் இறுதியில் வெளிவந்தது. இரண்டாவது பகுதி வெளிவருமுன் சீமூர் தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். அதன்பின் உறவு தலைகீழாயிற்று: எழுத்து முதன்மையும் படம் துணையும் ஆயின. தொடக்கத்தில் ஆயிரம் பிரதிகளுக்கு மேற்படாத அச்சீடு, 1837 நவம்பரில் நூல் நிறைவெய்தியபோது ஏறத்தாழ 40,000 ஆகியிருந்தது.

இவ்வெற்றியை டிக்கன்ஸின் மேதைமை கொண்டு மாத்திரம் விளக்கிவிட முடியுமா? அக்காலத்து நாவல் வழக்கமாக மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதன் விலை 31 சிலிங் 6 பென்ஸ். ஒரு தொழிலாளியோ எழுதுவினைஞனோ எண்ணிப்பார்க்கவும் இயலாத தொகை அது. 'பிக்விக்' மாதம் ஒரு சிலிங்குக்கு, 32 பக்கமும் படங்களும் விளம்பரத் தாள்களுமாகக் கிடைத்தது. ஒரே முறையிற் கொடுக்கவியலாத விலை, இருபது பகுதிகளாகத் தவணைமுறையில் வசூலிக்கப்பட்டது என்க. ஒவ்வொரு மாதமும் குறித்த பக்க அளவில் கதையை நிறுத்தவேண்டியிருந்தமை, அடுத்த பகுதியை வாங்கச் செய்யும் ஆவலைத் தூண்டவேண்டியிருந்தமை, மாதக்கணக்கில் மறந்துவிடாதபடி பாத்திரங்களுக்கு ஒரு பேச்சு மரபோ அங்கசேட்டையோ கொடுக்கவேண்டியிருந்தமை ஆகியன டிக்கன்ஸின் கலைமரபாகவே பின்னர் விதந்தோதப்பட்டன. வடிவம் பற்றிப் பேசுவோர், அவ்வடிவத்தின் விலையைப் பற்றியும் பேசவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

டிக்கன்ஸைப் பற்றிய மிகப் பெரிய 'இரகசியம்' இதனோடு தொடர்புடையது. 1824இல் அவரது தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்ட காலத்தில், 12 வயதுச் சிறுவனான டிக்கன்ஸ் சப்பாத்து மை செய்யும் பட்டறையொன்றிலே குப்பிகளுக்குச் சுட்டி ஒட்டும் வேலை செய்தார். இதனைத் தமது நண்பர் ஜோன் போஸ்ரருக்கே அவர் கூறினார். சிறுவர் உழைப்பின் கொடுமையை உலகறியச் செய்தவரின் பிள்ளைகளே, தந்தை இறந்தபின் போஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்துத்தான் இதனை அறிந்தனர். இதனை ஒரு தனிமனிதரின் கூச்சம் என்று விட்டுவிடுதல் போதாது. உழைப்பாளியாக இருந்தமை நாவலாசிரியர் ஒருவருக்கு மறைக்கத்தக்க களங்கமாக இருந்த சமுதாயம் அது. அவரது வாசகரும் அச்சமுதாயத்தவரே.

இனி, தொடக்கத்திற் குறிப்பிட்ட 26 நாள் நாவலுக்கு வருவோம். தொஸ்தோயெவ்ஸ்கி 'சூதாடி' நாவலை அத்துணை விரைவாக எழுதினார் என்பது மேதைமையின் அற்புதமாகவே இன்றும் சொல்லப்படுகிறது. அன்றைய நிலைமை என்ன? 1864இல் அவரது தமையனார் மிகாயில் இறந்தார். இருவரும் நடத்திய சஞ்சிகை அடுத்த ஆண்டே நின்றது. சஞ்சிகையின் கடன்களையும் தமையனாரின் குடும்பத்தையும் தொஸ்தோயெவ்ஸ்கி ஏற்றுக்கொண்டார். கடன்காரரின் நெருக்குதலைத் தாங்கமாட்டாமல் 1865இல் ஸ்தெலோவ்ஸ்கி என்னும் வெளியீட்டாளரிடம் 3000 ரூபிளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். அதுவரை எழுதிய நூல்களை ஒருமுறை வெளியிடும் உரிமை ஸ்தெலோவ்ஸ்கிக்கு. அன்றியும் 1866 நவம்பர் 1ஆம் திகதிக்குள் புதிய நாவலொன்று கொடுக்கவேண்டும். தவறினால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதும் யாவற்றையும் ஊதியமெதுவுமின்றி வெளியிடும் உரிமை அவ்வெளியீட்டாளரைச் சாரும். பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்ட நாட்டிலே, நான்கு ஆண்டு கழித்து இவ்வாறு ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதைச் சிந்திக்கவேண்டும். பெற்ற 3000 ரூபிளிற் பெரும்பகுதி, ஸ்தெலோவ்ஸ்கி தாமே பிறர் பெயரில் மலிவாக வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்களைத் தீர்க்கவே சென்று, அவரிடமே திரும்பிவிட்டது என்று தொஸ்தோயெவ்ஸ்கியின் மனைவி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார்.

1866 முழுவதும் 'குற்றமும் தண்டனையும்' ஒரு மாத சஞ்சிகையிலே தொடராக வெளிவந்துகொண்டிருந்தது. ஒக்டோபர் பிறந்தும் புதிய நாவலில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. நண்பர் பலர் கூடி ஆளுக்கொரு பகுதியாக எழுதித் தருவதென ஒரு யோசனை கூறப்பட்டது; பிறரது உழைப்பிற்குத் தம் பெயரை இடமாட்டேன் என்று தொஸ்தோயெவ்ஸ்கி மறுத்தார். அதன்பின் சொல்லப்பட்ட வழியே சுருக்கெழுத்தாளர் ஒருவரை அமர்த்துவது. ஒல்கின் என்பவர் நடத்திய வகுப்பிலிருந்து, 20 வயதான அன்னா கிரிகோரியெவ்னா ஸ்நித்கினா ஒக்டோபர் 4ஆம் திகதி வந்துசேர்ந்தார். முழு வேலைக்கும் பேசப்பட்ட கூலி 50 ரூபிள். பகலில் அவர் சொல்ல இவர் எழுதுவார். இரவில் வீட்டிலிருந்து அதனை விரித்தெழுதி மறுநாட் கொண்டுவருவார். ஒக்டோபர் முடியுமுன் நாவல் முடிந்தது.

கதை இத்துடன் நிற்கவில்லை. கையெழுத்துப்பிரதியைக் கொண்டுசென்றபோது ஸ்தெலோவ்ஸ்கி ஊரில் இல்லை. அவரது அலுவலகத்தார் பிரதியை ஏற்க மறுத்தனர். குறித்த நாள் கழிந்துவிட வேண்டுமென்பதே நோக்கம். முடிவில் அன்றிரவு பொலிஸ் நிலையத்திலே நாவலைக் கையளித்து, திகதியிட்ட பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டார் தொஸ்தோயெவ்ஸ்கி. உலக இலக்கியத்திற் பொலிசாரிடம் ஒப்படைக்கப்பட்ட நூல்கள் பல. ஆசிரியரே தம்மைக் காத்துக்கொள்ள ஒப்படைத்த நூல் இதுவாகத்தான் இருக்கும்!

இங்கே இரண்டு விடயங்களைக் கருதவேண்டும். முதலாவது, அந்த நாவலின் பொருள். சூதாட்ட மேசையில் அகப்பட்டுத் தன்னையே இழப்பவன் ஒருவனின் கதை அது. ஒப்பந்தப் பணத்தோடு வெளிநாடு சென்ற ஆசிரியர் 1865இல் வீஸ்பாடன் நகரச் சூதாட்ட விடுதியிலே கையிலிருந்ததைத் தோற்றார் என்பதும் உண்மை. கடனே நாவலை எழுதிற்று என்று நாம் கூறவரவில்லை. அவ்வாறு இயந்திரப் பாங்காகப் பொருளாதாரத்தையும் கலையையும் பொருத்திக் காட்டுதல் மார்க்சிய விமர்சனமுமன்று. அக்காலத்திற் கடன்பட்ட ருசியர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். 'சூதாடி'யை ஒருவர்தாம் எழுதினார். ஆயினும் பணம் மனித உறவுகளை எவ்வாறு பிடித்தாட்டுகிறது என்பதை அவர் எழுதியபோது, அவரது கழுத்திலே கிடந்த கயிறும் அதே இழையினால் திரிக்கப்பட்டதாகவே இருந்தது.

இரண்டாவது, அன்னாவின் உழைப்பு. 1867 பெப்ரவரியில் அவர்கள் மணம் புரிந்தனர். அதனோடு 26 நாட் கதையைக் காதற் கதையாக்கி முடித்துவிடுவது வழக்கம். அன்னா அதன்பின் ஆற்றிய பணியோ நெடியது. பிற்பட்ட நாவல்களைச் சுருக்கெழுத்தில் எழுதியவர் அவர். கடன்காரருடன் பேசித் தவணை பெற்றவர் அவர். 1873இல் 'பேய்கள்' நாவலை வெளியீட்டாளரின்றித் தாமே 3500 பிரதிகள் அச்சிட்டு, வீட்டிலிருந்தே புத்தகக் கடைக்காரருக்கு விற்றவரும் அவரே. காகித விலையும் அச்சுக்கூலியும் கடைக்காரருக்குரிய கழிவும் முன்னரே விசாரித்தறிந்து கணக்கிட்டவர். ஸ்தெலோவ்ஸ்கிகளின் பிடியிலிருந்து தொஸ்தோயெவ்ஸ்கியை விடுவித்தது மேதைமையன்று, இந்தக் கணக்கேயாகும். 'கரமசோவ் சகோதரர்கள்' அன்னாவுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது. பெயர்ப் பக்கத்தில் இடம்பெறாத உழைப்புக்குச் சமர்ப்பணப் பக்கமே கிடைத்தது என்க.

அதே பீற்றர்ஸ்பேர்க் நகரில் 1872இல் நிகழ்ந்த மற்றொன்றையும் இடையே சொல்லவேண்டும். மார்க்ஸின் 'மூலதனம்' முதற்பாகம் முதன்முதலாகப் பிறமொழியொன்றிற் பெயர்க்கப்பட்டது ருசிய மொழியிலேயே. சாரின் தணிக்கையாளர் அதனை அனுமதித்தனர். சோசலிச நூல்தான், எனினும் இதனை வாசிப்பவர் சிலரே, விளங்கிக்கொள்பவர் அவரினும் சிலரே என்பது அவர்தம் துணிபு. அச்சிட்ட 3000 பிரதிகளில் சில வாரங்களுக்குள்ளேயே 900 வரை விற்றுவிட்டன. கடினமான நடை சிலவேளை கவசமாகவும் பயன்படும் போலும். சார் அரசு நூலின் கடினத்தை நம்பியது. எளிய பாட்டுக்கு அஞ்சிய அரசுகளும் இருந்தன. நமது மொழியின் கவிஞர் ஒருவரது நூல்கள் 1928இல் பறிமுதலானமை அவ்வகையினது.

சுப்பிரமணிய பாரதியின் நூல்கள் அவர் இறந்து ஏழு ஆண்டுகளின் பின் பர்மா அரசின் ஆணையாற் பறிமுதல் செய்யப்பட்டன; சென்னை அரசும் அதனைப் பின்பற்றியது. சட்டசபையிலே சத்தியமூர்த்தி இதனைக் கண்டித்துப் பேசியதும் பலர் அறிந்ததே. அரசின் தடையைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. உடைமையின் தடையைப் பற்றி நமது பாரதி விழாக்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

பாரதி வறுமையில் வாழ்ந்தார் என்பதைக் கண்ணீரோடு கூறுவோர், அவர் 1920இல் வகுத்த திட்டத்தைக் கூறுவதில்லை. தமது எழுத்துகளை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எங்கும் விற்பனையாகச் செய்ய அவர் எண்ணினார். அதற்குரிய முதலைக் கடனாகக் கேட்டு நண்பருக்கும் அன்பருக்கும் சுற்றறிக்கை அனுப்பினார். காவியகர்த்தா ஒருவர் தமது பாட்டை மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டமை சிலருக்கு அருவருப்பாக இருக்கலாம். நமக்கோ, நூல் என்னும் பண்டத்தின் இயல்பையும் புதிய வாசகர் கூட்டத்தின் வருகையையும் அவர் தெளிவாகக் கண்டுகொண்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. பணம் வரவில்லை. 1921 செப்டெம்பரில், 39 வயது நிறைவதற்கு முன்பே, அவர் காலமானார்.

அதன்பின் செல்லம்மா பாரதி சென்னையில் 'பாரதி ஆச்சிரமம்' என்ற பெயரில் நூல்களை வெளியிட முயன்றார். அன்னாவுக்குக் கைகூடியது செல்லம்மாவுக்குக் கைகூடவில்லை. இருவரது ஆற்றலை ஒப்பிட்டு இதனை விளக்குவது பொருந்தாது. கணவர் உயிரோடிருக்க, வாசகர் காத்திருக்க, தலைநகரிலே தொழில் தொடங்கியவர் ஒருவர். கடனோடும் இரு புதல்வியரோடும் விடப்பட்ட பிராமணக் கைம்பெண் மற்றவர். நூல்களின் பதிப்புரிமை காலப்போக்கிற் கவிஞரின் தம்பி சி. விசுவநாதனும் வேறிருவரும் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்கும், பின்னர் விசுவநாதனுக்கும் சென்றது. இசைத்தட்டு, ஒலிபரப்பு ஆகியவற்றுக்கான உரிமையோ 1930களில் ஜெய்சிங்லால் மேத்தா என்னும் வணிகரிடம் விலைப்பட்டது. இவ்வுரிமையை 1946இல் ஏ. வி. மெய்யப்பன் விலைக்கு வாங்கினார். 1947இல் வெளியான அவரது 'நாம் இருவர்' படத்தில் பாரதி பாடல்கள் பெருவெற்றி பெற்றன. விடுதலைக் கவியின் பாட்டு, விடுதலை பெற்ற ஆண்டிலே ஒரு திரைப்பட நிறுவனத்தின் தனியுடைமையாக இருந்தது.

1948இல் 'பில்ஹணன்' படத்தில் கண்ணன் பாட்டுகளுள் ஒன்று இடம்பெற்றபோது, உரிமையை மீறியதாக ரி. கே. சண்முகம் சகோதரர்மீது மெய்யப்பன் தரப்பு வழக்குத் தொடுத்தது. சட்டத்தின்படி மெய்யப்பன் செய்தது தவறன்று. அவர் விலை கொடுத்து வாங்கியவர். கேள்வி வேறோரிடத்தில் எழுந்தது. பாரதியின் பாட்டு எவருக்கேனும் உடைமையாக இருக்கலாமா என்பதே அது. எழுத்தாளரும் கலைஞரும் கூடிப் பாரதி விடுதலைக் கழகம் கண்டனர். பாடல்களைப் பொதுவுடைமையாக்க வேண்டுமென்ற குரல் மேடைதோறும் ஒலித்தது. திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மா பாரதியின் சம்மதத்தையும் பெற்றனர். மெய்யப்பன் தம்மிடமிருந்த உரிமையை விலையின்றியே அரசுக்கு விட்டுக்கொடுத்தார். 1949இல் சென்னை அரசு நூலுரிமையைப் பெற்றுக்கொண்டது. அதற்காக விசுவநாதனுக்கு 15,000 ரூபாவும், செல்லம்மாவுக்கும் புதல்வியர் தங்கம்மாள், சகுந்தலா ஆகியோருக்கும் தலைக்கு 5,000 ரூபாவும் வழங்கப்பட்டன. ஓர் எழுத்தாளனின் படைப்பை அரசு விலைகொடுத்து வாங்கி மக்களுக்குரியதாக்கிய செயலுக்கு அக்காலத்தில் முன்மாதிரி இருக்கவில்லை.

இதிலும் ஒரு முரண்பாடு உண்டு. உரிமை முதலில் மக்களிடம் வரவில்லை, அரசிடமே வந்தது. அரசோ அறிஞர் குழுவொன்றை அமைத்துத் தானே பதிப்பிக்க முற்பட்டது. அப்பதிப்பு வெளிவர 1954 வரை சென்றது. 1950களின் நடுப்பகுதியில் எவரும் வெளியிடலாம் என்று ஆனபின்னரே மலிவுப் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்கும் சந்தைத் தெருக்களிலும் பாரதி கவிதைகள் அதன்பின்னரே கிடைக்கலாயின.